தொக்கணமும் நோய்நாடலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ் மருத்துவ நூல்கள் மருந்தினை அகமருந்து, புறமருந்து என இரண்டாகப் பகுத்து, அவ்விரண்டனையும் தனித்தனியே 32 வகையாக விரித்துரைக்கும். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் முதலாக எண்ணப்படும் புறமருந்துகளின் வரிசையில் ஒன்றாக நிற்பது தொக்கணம். எண்ணெய் இட்டோ இடாதோ உடம்பைக் கையால் தட்டியும் அழுத்தியும் இழுத்தும் நோய் நீக்கும் முறை அது. இன்று மக்கள் அதனை உடற்சோர்வு நீக்கும் இன்பப் பொருளாகவே பெரும்பாலும் கருதுகின்றனர். சுற்றுலா நகரங்களில் அது விலைப்பட்டியலில் ஏறி நிற்கின்றது. வருவோர் தாம் விரும்பியதைச் சுட்டிக்காட்ட, விரும்பியதே கொடுக்கப்படுகின்றது.

ஆயின் நூல்கள் அதனை மருந்தென்றே வகுத்தன. மருந்தாயின், அதனைக் கொடுக்குமுன் பெறுவானை ஆராய்தல் வேண்டும். எவனுக்கு, எந்நோய்க்கு, எப்பொழுது, எவ்வளவு என்னும் நான்கும் தெளிந்த பின்னரே கை உடம்பின்மேற் படவேண்டும். இவ்வாராய்ச்சி தமிழ் மரபில் எவ்வாறு எண்ணப்பட்டது, யாரிடம் இருந்தது, எவ்விடத்து நழுவியது என்பனவற்றை இலக்கியம், உரை, கல்வெட்டு, மருத்துவ நூல், வட்டார வழக்கு ஆகியவற்றைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வட்டாரச் சான்றுக்குச் சங்கரன்கோவில் பகுதி எடுத்துக்கொள்ளப்பெறுகின்றது.

1. சொல்லும் செயலும்

தொக்கு என்பது தோலைக் குறிக்கும் சொல். ஐம்பொறிகளை எண்ணும் சாத்திர நூல்கள் மெய் என்னும் பொறியை இச்சொல்லாற் சுட்டும். மெய்யின்மேல் நிகழும் மருத்துவம் தொக்கணம் எனப் பெயர் பெற்றிருத்தல் இதனோடு ஒத்துச் செல்லுகின்றது. தொக்கணச் செயல்கள் ஒன்பது என மருத்துவ நூலார் எண்ணுவர். அவை தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்பன.

இவ்வொன்பதும் ஒரே செயலின் வேறு பெயர்கள் அல்ல. தட்டலில் விசை உண்டு, நிலைப்பு இல்லை; அழுத்தலில் நிலைப்பு உண்டு, பெயர்ச்சி இல்லை; முறுக்கலிலும் இழுத்தலிலும் மூட்டுகள் இடம்பெயரும். ஆதலின் ஒருவனுக்கு ஏற்ற செயல் மற்றொருவனுக்குத் தீங்காகலாம். மூட்டு வலுவிழந்த முதியவனுக்கு முறுக்கலும், தசை திரண்ட இளையவனுக்கு முறுக்கலும் ஒன்றாகா. செயல் ஒன்பதாகப் பிரிக்கப்பட்டமையே, அவற்றுள் ஏற்றதைத் தேரும் கடமை ஒன்று உண்டு என்பதனைக் காட்டும். தேர்வு வேண்டாத இடத்துப் பாகுபாடும் வேண்டா.

நாட்டார் வழக்கும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. சுளுக்கு வழித்தல், குடலேற்றம் தட்டுதல், குழந்தைக்கு உரம் எடுத்தல், கால் பிடித்துவிடுதல், முதுகு நீவிவிடுதல், உருவிவிடுதல், அமுக்கிவிடுதல் எனத் தென்பாண்டி நாட்டு மக்கள் கூறும் வினைகளை நோக்குக. சுளுக்கை ‘வழிப்பர்’, குடலேற்றத்தைத் ‘தட்டுவர்’, உரத்தை ‘எடுப்பர்’. நோய் மாறுந்தோறும் வினைச்சொல்லும் மாறுகின்றது. இன்ன நோய் என்று அறிந்த பின்னரே இன்ன வினை என்னும் முறை எழுத்தறியாதார் பேச்சிலும் ஊறிக் கிடத்தல் இதனாற் பெறப்படும்.

2. சங்க இலக்கியம் காட்டும் இரு நிலைகள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக் காட்சி ஒன்றைத் தீட்டுகின்றார். அரசன் பாசறையில் இருக்கின்றான். அரசி கட்டிலில் வருந்தியிருக்கின்றாள். இளமகளிர் அவள் அடியை வருடுகின்றனர். நரை கலந்த கூந்தலையுடைய செவிலியர் சூழ்ந்திருந்து ஆறுதல் மொழி பல கூறுகின்றனர். எனினும் அவள் தேறினாள் அல்லள். அவள் கண்ணீர் நின்றபாடில்லை.

உரைகாரர் இக்காட்சியைப் பிரிவாற்றாமையின் மெய்ப்பாடாகக் கொண்டு விளக்குவர். மருத்துவ வரலாற்று நோக்கில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. அடிவருடல் அரண்மனை மகளிரின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாக இருந்தது என்பதற்கு இது தெளிவான சான்று. அதனினும் சிறந்தது, அப்பணி பயன்படாது போயிற்று என்று புலவர் காட்டுவது. வருடியோர் கையில் குற்றம் இல்லை. நோய் அடியில் இல்லை என்பதே குற்றம். துன்பம் இருக்கும் இடம் வேறு, கை தொடும் இடம் வேறாயின், எத்துணை மென்மையான கையும் பயனற்றது என்னும் உண்மையை நக்கீரர் மருத்துவம் பேசாமலே உணர்த்திவிட்டார்.

அகப்பாடல்களில் வரும் வெறியாட்டும் இவ்வகையைச் சார்ந்ததே. மகளின் மெலிவைக் கண்ட தாய் வேலனை அழைக்கின்றாள், கழங்கு இடப்படுகின்றது, முருகனால் வந்த அணங்கு என்று முடிவு கூறப்படுகின்றது. தோழியோ உண்மைக் காரணத்தை அறிவாள். நோயின் காரணத்தைப் பிறழ உணர்ந்தால் அதற்குரிய செயலும் பிறழும் என்பதே இத்துறைப் பாடல்களின் சுவைக்கு நிலைக்களம். சங்கப் புலவர் இதனை நகைச்சுவையாகவும் ஆண்டனர், இரக்கத்தோடும் ஆண்டனர்.

இவற்றுக்கு எதிர்நிலையில் நிற்பது நற்றிணையின் 136ஆம் பாட்டு. வளை வேண்டி அழுத தலைவி தன் தந்தையின் செயலைக் கூறுமிடத்து ஓர் உவமை காட்டுகின்றாள். கொடிய நோயுற்றவர்க்கு அவர் விரும்பியதைக் கொடாமல், ஆராய்ந்து மருந்தைக் கொடுக்கும் மருத்துவனைப் போன்றவன் தன் தந்தை என்பது அதன் கருத்து. அம்மருத்துவனைப் புலவர் ‘அறவோன்’ என்னும் சொல்லாற் சுட்டுவது உளங்கொளத் தக்கது. நோயாளியின் வேட்கை ஒன்று. அவனது தேவை மற்றொன்று. இரண்டற்கும் இடையே நிற்பது ஆய்வு. அவ்வாய்வைச் செய்தலே மருத்துவனுக்கு அறம். இதனை ஓர் உவமையாக எளிதிற் கூறிச் செல்லுதலால், கேட்போர்க்கு இக்கருத்து முன்னரே பழகியிருந்தமை போதரும். அறியாப் பொருளை உவமையாக்குதல் மரபன்று.

3. குறளும் பரிமேலழகர் உரையும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து பத்துக் குறள்களையுடையது. வளி முதலாக எண்ணப்படும் மூன்றும் மிகுதலாலும் குறைதலாலும் நோய் உண்டாம் என்று தொடங்கி, உணவின் அளவைப் பல குறள்களிற் கூறிய வள்ளுவர், இறுதி மூன்று குறள்களில் மருத்துவனை நோக்கிப் பேசுகின்றார். நோயையும் அதன் முதலையும் அது தணிக்கும் வழியையும் நாடிப் பின்னரே செய்க என்பது 948. நோயுற்றவன் அளவும் நோயின் அளவும் காலமும் கருதிச் செய்க என்பது 949. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்வான் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது 950.

இவற்றின் வைப்புமுறை ஆராயத்தக்கது. 948 நோயை நோக்குகின்றது. 949 நோயுற்றவனை நோக்குகின்றது. நோய் ஒன்றாயினும் உற்றவர் பலராதலின், நோயை அறிந்த அளவில் ஆய்வு முற்றுப்பெறாது என்பது வள்ளுவர் கருத்து. பரிமேலழகர் ‘உற்றான் அளவு’ என்பதனை விரிக்குங்கால், அவனது பகுதி, பருவம், வேதனை, வலி ஆகியவற்றின் அளவாகக் கொள்கின்றார். பகுதி என்பது உடலின் இயல்பு, பருவம் வயது, வேதனை அவன் உறும் துன்பம், வலி அவன் தாங்கும் ஆற்றல். தொக்கணம் செய்யப் புகுவான் ஒருவன் அறியவேண்டியவை இந்நான்கே என்றால் மிகையாகாது.

950ஆம் குறளின் உரையில் நான்கு உறுப்புக்கும் தனித்தனியே நான்கு இயல்புகள் கூறப்படுகின்றன. நோயாளிக்குரியவற்றுள் ஒன்று, தன் நோய்நிலையை எடுத்துணர்த்தும் ஆற்றல். வடமொழிச் சரக சங்கிதையும் நோயாளியின் நான்கு குணங்களுள் நோயை அறிவித்தலை வைத்து எண்ணுகின்றது. இரு மரபுகளிலும் நோயாளி வாய்வாளாக் கிடக்கும் பொருள் அல்லன். ஆய்வில் அவனுக்கும் பங்கு உண்டு. அவன் கூற, மருத்துவன் கேட்டல் வேண்டும். எனினும் கூறியதே முடிபு அன்று என்பதனை மேற்காட்டிய நற்றிணை உவமை நினைவுறுத்தும். கேட்டலும் வேண்டும், கேட்டதை ஆய்தலும் வேண்டும் என்பதே இரண்டனையும் சேர்த்து நோக்குவார் கொள்ளும் முடிபாகும்.

4. எண்வகைத் தேர்வும் மணிக்கடை நூலும்

சித்த மருத்துவர் நோயறிதற்குக் கொண்ட கருவிகள் எட்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவற்றுள் பரிசம் என்பது தொட்டறிதல். வெப்பம், தட்பம், வியர்வை, வறட்சி, வீக்கம், தொட்டவழி எழும் நோவு ஆகியன இதனால் அறியப்படும். தொக்கணத்தில் கையே கருவி. பரிசத்திலும் கையே கருவி. மருந்து செய்யும் கை, மருந்து செய்யுமுன் வினவும் கையாகவும் இருத்தல் இம்மருத்துவத்தின் தனிச்சிறப்பு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் மெய்யின்கண் தோன்றும் எட்டினை எண்ணி, கண்ணாலும் செவியாலும் நுண்ணிதின் உணரும் அறிவுடையார்க்கன்றி அவற்றின் பொருளை அறிதல் அரிது என்று அவ்வியலை முடிக்கின்றார். எட்டு என்னும் தொகை ஒத்திருத்தலைக் கொண்டு இரண்டற்கும் உறவு கூறுதல் பொருந்தாது. உடம்பு படிக்கத்தக்கது, ஆயின் பயின்றார்க்கே அது பொருள் தரும் என்னும் எண்ணம் இலக்கணத்தார்க்கும் மருத்துவர்க்கும் பொதுவாக இருந்தது என்னும் அளவே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

மூத்திரத் தேர்வில் நெய்க்குறி என்பது ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நூல்களில் இது விரிவாகப் பேசப்படும். விடியலில் எடுத்த நீரின்மேல் நல்லெண்ணெய்த் துளி ஒன்றை விட்டு, அது பரவும் வடிவை நோக்குவர். பாம்புபோல் நீண்டால் வளி. மோதிரம்போல் வளைந்தால் அழல். முத்துப்போல் நின்றால் ஐயம் என்பது குறிப்பு. எண்ணெய் உடம்பின்மேற் படுமுன்னர், உடம்பினின்று போந்த நீரின்மேற் பட்டு நோயைக் காட்டுகின்றது. இன்றைய ஆய்வுக்கூடச் சோதனையோடு இதனை ஒப்பவைத்தல் கூடாது. எனினும் எண்ணெயிடுதற்கு முன்னே ஒரு தேர்வு உண்டு என்னும் ஒழுங்குக்கு இது நல்ல சான்றாம்.

மணிக்கடை நூல் என்பது மற்றொரு முறை. மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே கையைச் சுற்றிக் கயிற்றால் அளந்து, அக்கயிற்றை நோயாளியின் விரற்கடையாலேயே எண்ணி, அவ்வெண்ணுக்கேற்ப நோய்க்குறி கூறுவர். அளவுகோல் மருத்துவனுடையதன்று, நோயாளியின் விரலே என்பது இதன் நுட்பம். ‘உற்றான் அளவு’ என்னும் குறட்டொடர்க்கு இதனினும் நேரிய செயல்விளக்கம் காண்டல் அரிது.

வடமொழி மரபில் சரகர் நோயாளியை ஆராயும் பொருள்கள் பத்தெனக் கூறுவர். உடலியல்பு, நோயின் மாறுபாடு, தாதுக்களின் செறிவு, உடற்கட்டு, அளவு, பழக்கத்தால் ஒத்தவை, மனவலிமை, உண்ணும் ஆற்றல், உழைக்கும் ஆற்றல், வயது என்பன அவை. உழைக்கும் ஆற்றலைத் தனியே எண்ணியது நோக்குக.

5. விதியும் விலக்கும்

ஆய்வு என்பது ‘செய்க’ என்று முடிவதற்கு மட்டும் உரியதன்று. ‘செய்யற்க’ என்று முடிதற்கும் உரியது. எண்ணெயிட்டுத் தேய்த்தலை நாள்தோறும் செய்க என விதிக்கும் அட்டாங்க இருதயம், அதனை அடுத்தே மூவரை விலக்குகின்றது: ஐயம் மிக்கோர், கழிச்சல் முதலிய தூய்மைச் சிகிச்சை அப்பொழுதே பெற்றோர், உண்டது செரியாதோர் என்பார் அவர். ஐயம் மிக்கார்க்கு எண்ணெய்க்கு மாறாக உலர்ந்த பொடியால் தேய்த்தலை அந்நூல் கூறும். தமிழ் நூல்களின் 32 புறமருந்துகளுள் தொக்கணம் வேறு, பொடிதிமிர்தல் வேறு என எண்ணப்பட்டமை இவ்வகை வேறுபாட்டோடு இயைகின்றது.

வர்ம நூல்களில் இவ்விலக்கு மேலும் கடுமை பெறுகின்றது. வர்மங்கள் 108 என்றும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்றும் கூறுவர். அடிபட்டால் உயிர்க்கு இடையூறு செய்யும் இடங்கள் இவை. இவ்விடங்களை அறியாதவன் உடம்பை அழுத்தப் புகுதல், கிணறு இருக்கும் இடம் அறியாதவன் இருளில் நடப்பது போலும். கன்னியாகுமரி, நெல்லைப் பகுதி ஆசான்மார் மாணாக்கனை நெடுநாள் உடனிருத்திப் பழக்கிய பின்னரே இவற்றைக் கற்பித்தமைக்குக் காரணம் மறைபொருட் பற்று மட்டும் அன்று. தொடும் கையால் விளையக்கூடும் கேட்டினை அவர் அறிந்திருந்தமையும் ஆகும்.

இன்றைய மருத்துவ அறிவு இவ்விலக்குகளுக்குப் புதியன சிலவற்றைச் சேர்த்துள்ளது. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடுகொண்டு நோவுமாயின், உள்நாளத்தில் குருதி உறைந்திருக்கக்கூடும். அதனைத் தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைக் கவரலாம். சுளுக்கு என எண்ணப்படுவது எலும்பு முறிவாக இருக்கலாம். குருதி உறையாமைக்கு மருந்துண்பார்க்கு வலிய அழுத்தத்தால் உள்ளே குருதி கசியலாம். காய்ச்சல், தோல்தொற்று, கருப்பம், அண்மையில் நிகழ்ந்த அறுவை ஆகியனவும் கேட்டறிய வேண்டியன. பழைய நூலார் கூறிய காரணம் வேறு, இன்றையோர் கூறும் காரணம் வேறு. முதலில் கேள், பார், தொட்டறி, பின் செய் என்னும் முறை ஒன்றே.

6. ஆதுலசாலையில் நாடுவோரும் தொடுவோரும்

சிலப்பதிகாரம் புகார் நகரின் பட்டினப்பாக்கத்தில் ஆயுள்வேதர் வாழ்ந்தமையைக் கூறுகின்றது. மருத்துவர் ஒரு தொழிற்குழுவாக நகர் அமைப்பில் இடம்பெற்றிருந்தனர் என்பதற்கு இது சான்று. ஒரு மருத்துவ நிலையத்தின் உள்ளமைப்பை நமக்குக் காட்டுவது திருமுக்கூடல் கல்வெட்டு. செங்கற்பட்டை அடுத்துப் பாலாற்றங்கரையில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொறிக்கப்பெற்றது அது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலை ஒன்றையும், அதில் 15 பேர் கிடந்து மருத்துவம் பெறுதற்கு வகை செய்தமையையும் அது கூறுகின்றது.

மருத்துவன், அறுவை செய்வான், மருந்துச் செடி கொணர்வார், பணிமகளிர், நாவிதன், நீர் கொணர்வான் எனப் பணியாளர் வேறுவேறாக எண்ணப்பட்டு, அவரவர்க்குரிய ஊதியமும் வேறுவேறாக வகுக்கப்பட்டுள்ளது. சேமித்து வைத்தற்குரிய மருந்துப் பட்டியலில் தைலம் என்று முடியும் பெயர்கள் நான்கு காணப்படுகின்றன. அவற்றுள் ஏரண்டம், அதாவது ஆமணக்கு, சேர்ந்தனவும் உள. அவை எல்லாம் மேலே தேய்த்தற்கே உரியன என்று துணிதற்கில்லை. உள்ளே கொடுத்தற்குரியனவும் இருக்கலாம்.

இப்பட்டியலிலிருந்து பெறத்தக்க செய்தி ஒன்று உண்டு. நோயை நாடுவான் ஒருவன்; நோயாளியின் உடம்பைத் தொட்டுப் பணி செய்வார் வேறு சிலர். வள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்று சுட்டிய நான்காம் உறுப்பு ஈண்டுப் பலராக விரிந்து நிற்கின்றது. இப்பகுப்பு ஒரு பெருநிலையத்துக்கு இன்றியமையாததே. ஆயின் சமுதாயத்தில் இதற்கு ஒரு தீய விளைவும் நேர்ந்தது. நாடும் தொழில் நூலறிவாக உயர்த்தப்பட்டது. தொடும் தொழில் தாழ்ந்ததாகக் கருதப்பட்டது. தமிழ்நாட்டில் நாவிதர் குலத்தார்க்கு மருத்துவர் என்னும் பெயரும், அக்குலத்து மகளிர்க்கு மருத்துவச்சி என்னும் பெயரும் வழங்கி வந்தன. எண்ணெய் தேய்த்தலும், சுளுக்கு எடுத்தலும், புண் கீறலும், பேறு பார்த்தலும் அவர் கையில் இருந்தன. பெயர் உயர்ந்தது; தொழில் செய்தாரோ உயர்வாக நடத்தப்படவில்லை. அவர்தம் கையறிவு ஏட்டில் ஏறவில்லை. எத்தனை தலைமுறையாக எத்தனை உடம்புகளைத் தொட்டு அவர் அறிந்தவை எழுத்தின்றி மறைந்தன என்பதனை எண்ணின், சாதி வேற்றுமை அறிவுக்கும் செய்த கேடு விளங்கும்.

7. சங்கரன்கோவிற் பகுதி தரும் சான்று

இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள சங்கரன்கோவில், 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சங்கரநயினார்கோவில் என்பது அதன் பழைய வழக்கு. சங்கரலிங்கர், கோமதியம்மை, அரியும் அரனும் ஒருங்கே அமைந்த சங்கரநாராயணர் ஆகியோர் சன்னிதிகளையுடைய கோயிலை உக்கிரபாண்டியன் எடுப்பித்தான் என்பது தலமரபு. பாம்பாட்டிச் சித்தரை இவ்வூரோடு தொடர்புபடுத்தும் மரபும் உண்டு. ஆடித்தபசு விழா இத்தலத்தின் பெருவிழா.

இங்குப் புற்றுமண் மருந்தாகக் கொள்ளப்படுகின்றது. தோல்நோய் முதலியவற்றுக்கு அதனை நீரிற் குழைத்து மேலே பூசுவர். நேர்த்தியாகப் பாம்பு, தேள் முதலியவற்றின் உருவங்களைக் காணிக்கை செலுத்துவர். ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. புற்றுமண் வந்தவர் யாவர்க்கும் ஒன்றே. இளையான், முதியான், வளியுடையான், ஐயமுடையான் என்னும் தேர்வு அங்கில்லை. கொடுப்பவன் எல்லாம் அறிந்த இறைவன் என்னும் நம்பிக்கை உள்ளவிடத்து, கொடுக்குமுன் வினவுதல் வேண்டாததாகின்றது. மாந்தனாகிய மருத்துவனுக்கோ அவ்வுரிமை இல்லை. அவன் அறியாதவன், ஆதலின் வினவிய பின்னரே கொடுத்தற்குரியவன். கோயிலில் பொதுமருந்தும் வைத்தியசாலையில் தேர்ந்த மருந்தும் ஒரே ஊரில் ஒன்றையொன்று மறுக்காமல் நின்றமைக்குக் காரணம், அவற்றின் அடிப்படைகள் வேறாயிருந்தமையே எனலாம்.

சங்கரன்கோவில் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் பல குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. சுற்றுப்புறம் கரிசல் வேளாண்மைக்கு உரியது. குழித்தறியில் இருந்து நெய்பவன் முதுகு வளைந்திருப்பான். கால்கள் மிதிகட்டையை மாறிமாறி மிதிக்கும். தோளும் கையும் ஓயாது இயங்கும். விசைத்தறியை மேற்பார்ப்பவனோ நெடுநேரம் நிற்பான். கரிசலில் களை எடுப்பவள் இடுப்பு மடிந்திருப்பாள். மூவரும் வந்து ‘இடுப்பு வலி’ என்றே கூறுவர். சொல் ஒன்று, காரணம் மூன்று. ‘என்ன வேலை செய்கின்றாய்?’ என்னும் ஒரு வினாவைக் கேளாதவன், மூவர்க்கும் ஒரே எண்ணெயை ஒரே வகையில் தேய்த்து அனுப்புவான். வலி அன்று மாலை தணியும். மறுநாள் தறியில் அமர்ந்தவுடன் மீளும். உழைக்கும் ஆற்றலையும் பழக்கத்தையும் ஆராய்ச்சிப் பொருளாகச் சரகர் எண்ணியதும், நோயின் முதலை நாடுக என்று வள்ளுவர் கூறியதும் இத்தகைய ஊரில் வெறும் நூற்செய்தி அல்ல. உழைப்பாளியின் கூலியையும் வாழ்நாளையும் பற்றிய செய்தியாகும்.

இப்பகுதிக்கு மேற்கே மலைத்தொடர். பொதியிலும் குற்றாலமும் அதனைச் சார்ந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி அரசின்கீழ் இருந்தது. ஆதலின் தமிழ் மருத்துவ மரபும் மலையாள நாட்டுப் பிழிச்சல், கிழி முதலிய முறைகளும் ஒன்றோடொன்று அணுகி நிற்கும் எல்லைநிலம் இது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியபின், இம்மரபு கல்லூரிப் பாடமாகவும் ஆயிற்று. நோயறியும் துறைக்கு ‘நோய் நாடல்’ என்றே பெயர் அமைந்தது. குறளின் சொல் ஒரு கல்வித்துறைக்குப் பெயராகியமை தமிழ் கற்பார்க்கு மகிழ்ச்சி தருவதாம். க. சு. உத்தமராயன், சண்முகவேலு முதலிய மருத்துவ அறிஞர் ஏடுகளிற் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்துப் பாடநூலாக்கினர்.

8. பிற நாட்டு வரலாற்றோடு ஒப்புமை

பாட்னாவிற் பிறந்த சேக் தீன் முகமது (1759–1851) இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடல்பிடித்தலைக் கலந்து ஒரு நிலையம் நடத்தினார். அவர் 1822இல் வெளியிட்ட நூலில் தம்மிடம் வந்தாருடைய நோய் வரலாறுகளைத் தொகுத்துள்ளார். உடல்பிடித்தலைக் குறித்த இந்துத்தானிச் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து, பொருள் திரிந்து, இன்று தலைமுடி கழுவும் ‘ஷாம்பு’வாக நம்மிடம் மீண்டுள்ளது. மருத்துவச் சொல் ஒன்று ஒப்பனைச் சொல்லாகத் தாழ்ந்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இலண்டனில் 1894இல் பயிற்சி பெற்ற பெண்கள் சிலர் உடல்பிடிப்போர் சங்கம் ஒன்றை நிறுவினர். அக்காலத்து இத்தொழிலின் பெயரால் நடந்த ஒழுக்கக்கேடுகளைச் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தியிருந்தன. தம் தொழிலின் மதிப்பைக் காத்தற்கு அவர் விதிகள் வகுத்தனர். மருத்துவரின் பணிப்பின்றி எவர்க்கும் இச்சிகிச்சை செய்தல் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அங்கும் நாடுவான் வேறு, தொடுவான் வேறு என்னும் பகுப்பே முதலில் நின்றது. அச்சங்கம் வளர்ந்து இயன்மருத்துவர் சங்கமாயிற்று. நோயாளியைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை 1977இல் அத்துறையினர்க்குக் கிடைத்தது. தொடும் கைக்கு நாடும் உரிமை வருதற்கு 80 ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்பது இதனாற் புலனாம். தென்தமிழ்நாட்டு வர்ம ஆசானிடத்து இவ்விரண்டும் ஒருவன்பாலே கூடியிருந்தமையை இதனோடு ஒப்பிட்டு நோக்குக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன இவை. தொக்கணத்தை மருந்தாக்கியது எண்ணெயும் அன்று, கைவன்மையும் அன்று. அவற்றின்முன் நிகழும் நாடலே. அந்நாடல் நோயை மட்டுமின்றி, உற்றவனின் உடலியல்பு, வயது, துன்பம், ஆற்றல், தொழில், காலம் ஆகிய அனைத்தையும் தழுவியது. விரும்பியதற்கும் வேண்டியதற்கும் வேறுபாடு உண்டென்பதனைச் சங்கப் புலவரே உணர்ந்திருந்தனர். நாடுவானும் தொடுவானும் பிரிந்தமையாலும், தொடுவான் இழித்துரைக்கப்பட்டமையாலும், கையறிவின் பெரும்பகுதி எழுதப்படாது போயிற்று. நாடல் நீங்கியவிடத்துத் தொக்கணம் மருந்து நிலையினின்று வழுவிப் பண்டமாகின்றது.

இத்துறையில் தமிழ் ஆய்வாளர் ஆற்றத்தக்க பணி உண்டு. சுளுக்கு வழிப்பார், உரம் எடுப்பார், பேறு பார்ப்பார் ஆகியோர் நோயாளியை முதலிற் கண்டவுடன் கேட்கும் வினாக்கள் எவை, அவ்வினாக்களில் அவர் ஆளும் சொற்கள் எவை என்பன வட்டாரந்தோறும் தொகுக்கப்படல் வேண்டும். வலியைக் குறித்தற்குத் தமிழ் மக்கள் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், இழுப்பு எனப் பல சொற்களைப் பொருள்வேறுபாட்டோடு வழங்குகின்றனர். ‘நோய்நிலை உணர்த்தல்’ என்று உரையாசிரியர் கூறிய ஆற்றல் இச்சொற்களிலேதான் வாழ்கின்றது. வலிக்கெல்லாம் ‘பெயின்’ என்னும் ஒரே சொல்லைக் கூறப் பழகிய தலைமுறை, கடுப்பையும் குடைச்சலையும் வேறுபடுத்திச் சொல்ல இயலாது மருத்துவன்முன் நிற்கும். அந்நிலை முற்றுமுன் இச்சொற்கள் பொருள்வரையறையோடு பதிவு பெறுமாயின், அது அகராதிக்கு மட்டுமின்றி மருத்துவத்துக்கும் செய்த தொண்டாக அமையும்.